பிள்ளைக்குப் பல் கம்பி போட்டால் என்ன நடக்கும்?

பல் கம்பி என்பது, கோணலான பல்லை மெதுவாகத் தள்ளி நேராக்கும் கருவி. பல் நகரும் பக்கத்து எலும்பு கரையும், மறுபக்கத்தில் புதிதாக வளரும். மழையில் ஊறிய மண்ணில் வேலிக் கம்பைத் தள்ளுவது மாதிரிதான், பின்னால் மண் இறுகும்வரை அது ஆடும்.

பெரும்பாலும் 18 முதல் 24 மாதம் ஆகும். ஹட்டன் பக்கமிருந்து கம்பியை இறுக்கப் பேராதனைக்கோ கண்டிக்கோ பல் வைத்தியரிடம் போகிறவர்கள், ஏறக்குறைய 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு லீவு போட வேண்டிவரும் என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். இறுக்கிய பிறகு இரண்டு மூன்று நாள் வலிக்கும், கஞ்சி, குழைந்த சோறு கொடுங்கள், கச்சான், முறுக்கு வேண்டாம். உண்மையான தொல்லை பல் துலக்குவதுதான். கம்பியைச் சுற்றி அழுக்கு தங்கினால் வெள்ளைத் தழும்பு விழும், பிள்ளையை நம்பி விடாதீர்கள்.

கம்பியைக் கழற்றியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை, நேரான பல்லை அந்த இடத்திலேயே பிடித்து வைக்க வைத்தியர் தரும் ரிடெய்னர் என்ற கருவியைப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.