அச்சாறு டொக்டரும் சீ.ஆர். கொப்பியும்

வாசகர் கேள்வி - டொக்டர் பதில்

கேள்வி: இருபது வருடமாக எங்கள் வீட்டாருக்கு மருந்து தந்த டொக்டர் டிஸ்பென்சரியை மூடிவிட்டு மகனிடம் வெளிநாடு போய்விட்டார். "ஏனம்மா யோசிக்கிறீங்கள், வருத்தத்துக்கு ஏற்ற ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணி, நேரம் பதிந்து பாருங்கோ" என்கிறார்கள் பிள்ளைகள். ஸ்பெஷலிஸ்டாக வர முடியாதவர்கள்தான் குடும்ப டொக்டராகிறார்கள் என்பது மருமகனின் கட்சி. அந்தத் துறையில் பெயர் சொல்ல ஒருவரும் இல்லையா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மருமகனோடு சண்டை வேண்டாம் அம்மா. அவருக்குத் தேநீர் கொடுத்து இருத்தி வைத்து வில்லியம் பிக்கில்ஸின் கதையைச் சொல்லுங்கள். பெயரைக் கேட்டுச் சிரிப்பார், சிரிக்கட்டும். ஆங்கிலத்தில் அது அச்சாறுதான்.

இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் வென்ஸ்லிடேல் என்றொரு பள்ளத்தாக்கு, சீஸுக்குப் பேர்போன இடம். அங்கே எய்ஸ்கார்த் என்ற கிராமத்தில் 1913இல் டொக்டராக அமர்ந்தவர், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த இடத்தை விட்டு அசையவில்லை. சுற்றுக் கிராமங்களில் எந்த வீட்டில் யார், யாருக்கு யார் சொந்தம், எந்தப் பையன் எந்தப் பெண்ணைப் பார்க்கப் போகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இது வம்பளப்பதற்கு மட்டும் உதவும் அறிவு என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள்.

1929இல் அந்தப் பக்கம் செங்கமாரி பரவியது. தொற்றியவரோடு பழகி எத்தனை நாளில் அது அடுத்தவரிடம் தலைகாட்டும் என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருநாள் காலை பிக்கில்ஸ் ஒரு வேலைக்காரப் பெண்ணைப் போய்ப் பார்த்தார். செங்கமாரியோடு படுக்கையில் கிடந்தாள். அன்றைக்கு ஊர்த் திருவிழா. இந்த நிலையில் இவள் எழும்பமாட்டாள் என்று நினைத்து வந்துவிட்டார். பின்னேரம் அவள் திருவிழாவில் நின்றாள்! அந்த வயதில் யார்தான் படுத்திருப்பார்கள்? ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, அன்று அவளோடு பழகியவர்கள் ஒவ்வொருவராக மஞ்சள் கண்ணோடு வந்தார்கள். பிக்கில்ஸ் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினார். 26 முதல் 35 நாள்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே கட்டிலில் கிடப்பவர் ஐந்து வாரத்துக்கு முன் யாரோடு கதைத்துக்கொண்டு நின்றார் என்று டொக்டருக்கு எப்படித் தெரியும்? பிக்கில்ஸுக்கு வருத்தமும் தெரியும், ஆளும் தெரியும், அதோடு ஒவ்வொன்றையும் திகதி போட்டு எழுதும் பழக்கமும் இருந்தது. இப்படிச் சேர்த்த குறிப்புகளை வைத்து 1939இல் கிராம வைத்தியத்தில் தொற்றுநோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1952இல் பிரித்தானியாவின் பொது மருத்துவர்கள் தங்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கியபோது, அதன் முதல் தலைவராக வந்தவர் லண்டன் பிரமுகர் இல்லை, இந்தக் கிராமத்து டொக்டர்தான்.

அவரைப் பற்றி நான் வாசித்தது பிந்தித்தான். அதற்கு முன் கொட்டாஞ்சேனையில் நான் டிஸ்பென்சரி நடத்திய காலத்தில் ஒரு பையன் செங்கமாரியோடு வந்தான். ஓய்வெடு, கொழுப்புச் சாப்பாடு வேண்டாம், கைகழுவு என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் போயிருக்கும், ஒரே கிழமையில் மூன்று பேர் அதே வருத்தத்தோடு வந்தார்கள். விசாரித்தால் மூவரும் இரவில் சாப்பிடுவது ஒரே கடையில். கடையில் தேநீர் போடுபவன் அந்தப் பையன். ஒருநாள்கூட அவன் லீவு போடவில்லை. எங்கே வேலை செய்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை. என் கொப்பியில் இருந்ததெல்லாம் மருந்தும் காசும்தான். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்.

இலங்கையிலும் பொது மருத்துவர்களுக்கு 1974இலிருந்து தனிக் கல்லூரி இருக்கிறது. குடும்ப வைத்தியத்தில் எம்.டி. என்ற ஸ்பெஷலிஸ்ட் பட்டமும் இங்கேயே படிக்கலாம். ஆகவே மருமகனின் கட்சி எடுபடாது. நீங்கள் செய்ய வேண்டியது, நடந்து போகிற தூரத்தில் ஒரு டொக்டரைப் பிடிப்பது. வருத்தம் இல்லாதபோது ஒருமுறை போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

கேள்வி: இருமல் என்று போனாலும் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்க்கிறார் எங்கள் டொக்டர். காசு கறக்கவா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தனியாகக் காசு எடுத்தாரா? எடுத்திருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள்!

உங்கள் டொக்டர் செய்வது ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற குடும்ப டொக்டர் காட்டிய வழி. 1961இல் தெற்கு வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்குப் போனவர். பிரஷர் கூடினால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது, தலைவலிகூட வராது. பிறகு ஒருநாள் பாரிசவாதம் வரும். அதனால் எதற்காக வந்தவரானாலும் பிரஷர் பார்த்தார், வராதவர்களைத் தேடிப்போயும் பார்த்தார். 25 வருட வேலையின் கணக்கைப் பின்னர் பார்த்தபோது, 65 வயதுக்குள் இறந்தவர்கள் அயற்கிராமத்தைவிடக் கால்வாசிக்கு மேல் குறைவு.

1971இல் லான்செட் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை இன்னும் பேசப்படுகிறது. வைத்தியம் அதிகம் தேவைப்படும் சனத்துக்குத்தான் நல்ல வைத்தியம் குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். நம்ப முடியாவிட்டால் கொழும்பில் சனல் பண்ணும் இடங்களை எண்ணிவிட்டு, மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வாசலில் நின்று அங்கிருந்து டொக்டரிடம் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். அடுத்த முறை கையை நீட்டுங்கள், என்ன எண் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது டொக்டரிடம் போகும்போது என்னென்ன கொண்டு போக வேண்டும்?
- வாசகி, தெமட்டகொடை

பதில்: ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி. முதல் பக்கத்தில் ஒத்துவராத மருந்துகளின் பெயர், பெரிய எழுத்தில். அடுத்த பக்கத்தில் செய்த ஒபரேஷன்கள், வருடத்தோடு. தாய் தகப்பனுக்குச் சீனி வருத்தமோ இதய வருத்தமோ இருந்தால் அதுவும். குளிசைகளை அட்டையோடு கொண்டு போங்கள். "வெள்ளை நிறம், சின்னது, காலையில் ஒன்று" என்றால் என்னாலும் கண்டுபிடிக்க முடியாது, எந்தக் கொம்பனாலும் முடியாது. முடிந்தால் என்ன வேலை செய்கிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். டொக்டர் கேட்க மறந்தாலும் கொப்பி மறக்காது.

கொப்பியை மருந்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் இரவு பதினொரு மணிக்கு ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுச் சாவி தேட வேண்டிவரும்.