அட்டை இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள்: கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் கிராமச் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களும், வெளிமாநிலத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒக்கூர் முகாமில் இருக்கிறோம் அக்கா. அப்பாவுக்கு இதய ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். வருமானச் சான்றிதழ் இல்லாமல் முதலமைச்சர் காப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும் தம்பி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற விதி மற்ற குடும்பங்களுக்குத்தான். முகாமில் வசிக்கும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு வருமான வரம்பே கிடையாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். முகாம் குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணில் கேளுங்கள், கட்டணம் இல்லை. காப்பீட்டில் சேர்ந்த ஆஸ்பத்திரிதானா என்று உறுதி செய்யாமல் எங்கேயும் முன்பணம் கட்டாதீர்கள். கடன் வாங்கிக் கட்டிவிட்டு அப்புறம் அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் அப்பா மதுரையில் அட்மிஷனில் இருந்தால்?

போவதற்கு முன்பே வருவாய் ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். அட்மிஷன் சீட்டின் நகல் ஒன்று வீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும். கணக்கெடுப்பில் ஆள் இல்லையென்று அரசு உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயந்து சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

நாங்கள் முகாமுக்கு வெளியே, போலீஸ் பதிவோடு வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

வருமான வரம்பு இல்லை என்ற சலுகை முகாமில் வசிப்பவர்களுக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் காப்பீடு வேறு, சிகிச்சை வேறு. அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளியாகப் பார்த்துக்கொள்ளவும் மாத்திரை வாங்கவும் காப்பீட்டு அட்டை தேவையில்லை.

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, உண்மைதான். அதனால் உரிமையே இல்லை என்று ஆகிவிடாது. அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் உண்டு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த சக்மா அகதிகள் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. உயிருக்குப் போராடும் ஒருவருக்கு உரிய நேரத்தில் சிகிச்சை தராமல் அரசு ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பினால் அது இந்த உரிமையை மீறுவதாகும் என்று அதே ஆண்டில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. யாராவது அட்டை கேட்டுத் தயங்கினால் பணியில் இருக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் அரசு மருத்துவ உதவி எண் 104-க்குப் பேசுங்கள்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். ஜார்க்கண்ட் பையன் ஒருவனுக்கு மூன்று வாரமாக இருமல். ஊருக்கு அனுப்பிவிடலாமா?

அனுப்பாதீர்கள் அண்ணே, இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோயாக இருந்தால், மருந்து தொடங்காமல் ரயிலேற்றுவது அவனுக்கும் ஆபத்து, கூடப் பயணிப்பவர்களுக்கும் ஆபத்து. நாளைக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை நடக்கும் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் அவன் வங்கிக் கணக்குக்கு வரும்.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இடம் மாறுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், வேறு ஊருக்குப் போவார்கள், மாத்திரையை விட்டுவிடுவார்கள். அப்புறம் மருந்துக்கே கட்டுப்படாத காசநோயாகத் திரும்பி வரும். அவனுக்கு ‘நிக்‌ஷய்’ என்ற காசநோய்ப் பதிவு எண் ஒன்று கொடுப்பார்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொன்னால் போதும், அந்த எண்ணை வைத்து அங்கே மருந்தைத் தொடரலாம். அவனுக்கு இந்தி தெரியும், நர்ஸுக்குத் தெரியாது. அதனால் இரண்டும் தெரிந்த ஆளை முதல் நாள் கூட அனுப்புங்கள்.

இன்னொன்று. உங்களிடம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்ப்பது உங்கள் கடமை. எந்த மாநிலத்துக்காரர் என்பது அதில் வராது. சொந்த ஊரில் வாங்கிய ஆயுஷ்மான் அட்டை, அதாவது மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, இருந்தால் அதுவும் இங்கே திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் செல்லும். குடும்பத்தோடு ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருப்பதற்கு உரிய அதிகாரியிடம் சான்று வாங்கினால் நம் முதலமைச்சர் காப்பீட்டிலும் சேரலாம்.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு மராமத்துக்கு ஒடிசாவிலிருந்து ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஆறு மாதக் கர்ப்பம், இன்னும் ஒரு ஸ்கேன்கூட எடுக்கவில்லை.

ஆச்சி, நீங்கள் கேட்டதே பெரிய உதவி. உலகப் போருக்குத் தப்பி பர்மாவிலிருந்து 1942-ல் நடந்தே வந்தவர்களின் கதை கேட்டு வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. அந்தப் பெண்ணின் பாடு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் பகுதிச் செவிலியரை இந்த வாரமே வரச் சொல்லுங்கள். கர்ப்பப் பதிவு செய்து எண் கொடுப்பார். ரத்த சோகையும் ரத்த அழுத்தமும் பார்ப்பது இப்போது ஸ்கேனைவிட அவசரம். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனை, பிரசவம், சிசேரியன், ரத்தம், போய்வர வண்டி எல்லாம் இலவசம். 2011 முதல் நாடு முழுக்க இதுதான் விதி. பிரசவத்துக்கு ஊருக்குப் போவதென்றால் தாய்-சேய் அட்டையைக் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். பரிசோதனைக்குப் போகும் நாளில் புருஷனுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். அவர்கள் போகாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

திருப்பத்தூர் ரோட்டில் ஒரு வடநாட்டுப் பையன் விபத்தில் அடிபட்டால் யார் செலவு செய்வது?

முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவசம். 2021 டிசம்பரில் வந்தது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். தமிழ்நாட்டுக்குள் விபத்து நடந்திருந்தால் போதும், எந்த மாநிலம், எந்த நாடு என்ற வேறுபாடு இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள்.

1990-ல் படகில் வந்த அம்மா இப்போதும் ராத்திரியில் அழுகிறார். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. அத்தனை இழப்பைப் பார்த்த மனசுக்கு வரும் நோய் அது. மருந்தும் உண்டு, பேசிக் குணப்படுத்தும் முறையும் உண்டு. அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அப்புறம் அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். தூக்க மாத்திரையை மட்டும் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

என் மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தால்?

ஒர்க் பர்மிட்டில் போனவருக்கு முதலாளிதான் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர். இப்போதே காப்பீட்டு விவரத்தைக் கேட்டு வாங்கி உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.