இறகைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்

கேள்வி: பாகூரில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சேவலும் ஏழு சிறுவிடைப் (சிறிய உடல்வாகு கொண்ட நாட்டுக்கோழி) பெட்டைகளும் வளர்க்கிறேன். மதகடிப்பட்டு சந்தையில் 'அசல் பெருவிடை, வாரத்துக்கு ஐந்து முட்டை' என்று சொல்லி ஒரு பெட்டையைக் கொடுத்தார்கள். உடல் செம்பழுப்பு, வாலில் கொஞ்சம் வெள்ளை. கொண்டை பெரிதாக ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கால் வெளிறிய மஞ்சள். மேல் அலகின் நுனி மழுங்கியிருக்க, கீழ் அலகு அதைத் தாண்டி நீண்டிருக்கிறது. இது என்ன இனம்? மற்ற கோழிகளோடு விடலாமா? இப்போதைக்குக் கூடையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். (வாசகி, பாகூர்)

பதில்: கூடையில் தனியாக வைத்தது நல்லது, இன்னும் மூன்று வாரம் அப்படியே இருக்கட்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் நிறத்தை முதலிலும் அலகைக் கடைசியிலும் எழுதியிருக்கிறீர்கள். கோழியை அடையாளம் காண்பவர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டுக்கோழிகளுக்கு நிலையான நிறம் என்று ஒன்று கிடையாது. ஒரே தாய் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளில் கறுப்பும் செவலையும் புள்ளியும் சாம்பலும் சேர்ந்து நடப்பதை உங்கள் தோட்டத்திலேயே பார்த்திருப்பீர்கள். ஆகவே 'செம்பழுப்பு' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இனத்தைச் சொல்ல முடியாது. கொண்டை, கால், உடல்வாகு, அலகு ஆகிய நான்கும் இறகைவிட நம்பத்தக்க சாட்சிகள்.

பெருவிடை, அதாவது பெரிய உடல்வாகு கொண்ட நாட்டுக்கோழி, என்று நம் பக்கத்தில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் அசீல் என்ற சண்டைக்கோழி இனத்தின் கலப்பு இருக்கும். அசீலின் கொண்டை பட்டாணி வரிசைபோலச் சிறுத்துத் தலையோடு படிந்திருக்கும். தாடி இருப்பதே தெரியாது. கழுத்தும் காலும் நீண்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். சாய்ந்து விழும் அளவுக்குப் பெரிய ஒற்றைக் கொண்டை அதற்கு நேர் எதிரான அடையாளம். அது ஓயாமல் முட்டையிடும்படி தேர்ந்து வளர்க்கப்பட்ட கோழிகளில் காணப்படுவது. விற்றவர் சொன்ன கணக்கும் அவரையே காட்டிக்கொடுக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்து, 21 நாள் காத்து, பிறகு குஞ்சுகளோடு சில வாரம் திரியும் நாட்டுப் பெட்டை, ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஐந்து என்று எப்படி இடும்?

முடிவான சாட்சி அந்த அலகுதான். முட்டைப் பண்ணைகளில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தாமலிருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே அலகு நுனியைச் சூட்டுக் கருவியால் வெட்டிவிடுவார்கள். மேல் அலகு குறைந்து கீழ் அலகு நீண்டு நிற்பது அந்த வெட்டின் தடம். கொல்லையில் பிறந்து வளர்ந்த கோழிக்கு இதைச் செய்ய யாருக்கும் வேலை இல்லை. எனவே உங்கள் பெட்டை, பழுப்பு முட்டைக்காகப் பண்ணையில் வளர்க்கப்பட்டு, முட்டை குறைந்ததும் கழித்து விற்கப்பட்ட லேயர் கோழி என்றே கருதுகிறேன். நிறமும் இப்போது பொருந்துகிறது. இவ்வகைக் கோழிகளைச் சிவப்புச் சேவலையும் வெள்ளைப் பெட்டையையும் இணைத்து உருவாக்குவார்கள். பொரித்த அன்றே பெண் குஞ்சு பழுப்பாகவும் ஆண் குஞ்சு வெளிறியும் இருப்பதால் பிரிப்பது எளிது. ஓர் இறகை விலக்கி அடித்தூவியைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் என் ஊகம் மேலும் உறுதியாகும்.

கால் வெளுத்திருப்பதும் ஒரு கணக்கேடுதான். மஞ்சள் கால் உள்ள கோழி தொடர்ந்து முட்டையிடும்போது உடலிலுள்ள மஞ்சள் நிறமி மஞ்சள் கருவுக்குப் போய்விடும். முதலில் எச்சத்துவாரத்தைச் சுற்றி வெளுக்கும்; பிறகு கண்வளையம், காதுமடல், அலகு; கடைசியாகக் கால். முட்டை நின்றால் நிறம் அதே வரிசையில் திரும்பும். ஆகவே கால் வெளுத்தும் எச்சத்துவாரம் மஞ்சளாகச் சுருங்கியும் இருந்தால், நெடுநாள் இட்டு அண்மையில் நிறுத்திவிட்டது என்று பொருள். அது அகன்று ஈரமாக இருந்தால் இன்னும் இடுகிறது.

இனி, சேர்க்கலாமா என்பது. முட்டைக்காக என்றால் சேர்க்கலாம். குஞ்சுக்காக என்றால் வேண்டாம். இவ்வகைக் கோழிகளிடம் அடைகாக்கும் குணம் பெரும்பாலும் இராது. உங்கள் சேவலோடு சேர்ந்து வரும் குஞ்சுகளிலும் அது குறையலாம். சிறுவிடையின் பெருமையே தானே காத்து, தானே வளர்ப்பதுதான். அதை இழக்க நான் சம்மதிக்க மாட்டேன். இதன் முட்டை பெரிதாகவும் அடர்பழுப்பாகவும் இருக்கும், சிறுவிடை முட்டையோ சிறியது, வெளிறியது. அடை வைக்கும்போது கையாலேயே பிரித்து, பெரியதைச் சமையலறைக்கு அனுப்பிவிடலாம்.

மூன்று வாரம் தனிமை கேட்டதற்குக் காரணம் வெள்ளைக் கழிச்சலும் சளி நோய்களும். சந்தைக் கோழி அன்றைக்குத் திடமாகத் தெரிந்தாலும் நோயைச் சுமந்திருக்கலாம். பழைய கோழிகளுக்கு முதலில் தீனி வைத்துவிட்டுக் கடைசியாக இதனிடம் போங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்கட்டும். கழிச்சல் தடுப்பூசி உங்கள் பழைய கோழிகளுக்குப் போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்கலாம். இரவில் கூண்டில் விட்டால் சண்டையே வராது என்பார்கள். அது பாதி உண்மை. விடிந்ததும் கொத்து விழும். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரு வாரம் பார்த்துப் பழகவிட்டால் மெல்ல அடங்கும். அலகு மழுங்கிய கோழிக்குத் தரையில் சிதறிய தானியத்தைப் பொறுக்குவது சிரமம் என்பதால், அதற்கு ஆழமான தட்டில் தீனி வையுங்கள்.

கேள்வி: முழுக் கறுப்பாக ஒரு பெட்டையைக் கடக்நாத் என்று விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த, 2018இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கோழிக்குக் கொண்டை, நாக்கு, தோல், கால் எல்லாமே கருமை படிந்திருக்கும். இறகில் பொன்னிறக் கீற்று உள்ள வகையும் அதில் உண்டு என்பதால், இறகின் கறுப்பு சான்று ஆகாது. கொண்டை சிவந்து நாக்கு வெளுத்திருந்தால் அது கறுப்பு நாட்டுக்கோழி. நாட்டுக்கோழி விலையே கொடுங்கள். முட்டையும் கறுப்பாக இருக்கும் என்று விற்பவர் சொன்னால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்; கடக்நாத்தின் முட்டை வெளிர் பழுப்புதான்.