புது முயலை இண்டைக்கே பழைய கூட்டில விடலாமா?

கேள்வி: எங்கட வீட்டில ரெண்டு வருசமா ஒரு ஆண் முயல் நிக்குது. நேத்து கிண்ணியாவில ஒருத்தரிட்ட இன்னொண்டு வாங்கினம், சின்னக்குட்டி, பெட்டை எண்டுதான் தந்தவர். இப்ப இடைக்கிட தும்முது. பயணக் களைப்பா? மகன் ரெண்டையும் ஒண்டா விடச்சொல்லி அழுறான்.
உவர்மலை வாசகி

பதில்: தங்கச்சி, மகன் அழுதாலும் பரவாயில்ல, இப்ப விடாதீங்க. தும்மலைக் களைப்பு எண்டு விடேலாது. குட்டிட முன்னங்காலைத் தூக்கி உள்பக்கம் பாருங்க, முயல் மூக்கைக் காலாலதான் துடைக்கும், அங்க மயிர் ஒட்டித் திரண்டு கிடந்தா சளி வடிஞ்சிருக்கு. பாஸ்டுரெல்லா எண்ட பக்டீரியா இதுக்கு ஒரு முக்கிய காரணம், கன முயல்களிட மூக்குக்குள்ள ஒரு வருத்தமும் காட்டாம இருக்கும், வெக்கை, பயணம், புது இடம் எண்டு உடம்பு தளர்ந்தாப் பிறகுதான் வெளிய வரும். அதால தும்மாத முயலா இருந்தாலும் நான் இதைத்தான் சொல்லுவன்.

குறைஞ்சது 14 நாள், ஏலுமெண்டா ஒரு மாசம் வேற அறையில வையுங்க, பக்கத்துப் பக்கத்தில ரெண்டு கூடு வைக்கிறது தனியா வைக்கிறதில்ல. முதல்ல பழையதுக்குப் புல்லு போட்டுக் கூடு துடைச்சிட்டு கடைசியா புதுசிட்ட போங்க, பிறகு கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க, தண்ணிக் கோப்பையும் தும்புத்தடியும் வேற வேற.

காதுக்குள்ள கபில நிறத்தில பொருக்கு இருந்தா அது சிற்றுண்ணி, உரிச்சு எடுக்காதீங்க, சரியான நோவு. பிடரியில பொடுகு மாதிரி கொட்டினாலும் டொக்டரிட்ட காட்டுங்க. நாய்க்குத் தெள்ளுக்கு அடிக்கிற பிப்ரோனில் ஸ்பிரே முயலுக்கு விஷம். வீட்டில மிஞ்சின அமொக்சிசிலினைக் கரைச்சுப் பருக்கிற ஆக்களும் இருக்கினம், அது குடல்ல இருக்கிற நல்ல கிருமியை அழிச்சு முயலையே கொண்டுபோடும்.

வயித்தால போனா கொக்சிடியா எண்ட குடல் ஒட்டுண்ணி இருக்கலாம், குட்டிகளுக்கு இது பொல்லாதது. புழுக்கையோட வெளிய வாற அந்த முட்டை, ஈரத்தில ரெண்டு மூண்டு நாள் கிடந்தாத்தான் மற்றதுக்குத் தொத்துற பக்குவத்துக்கு வரும், அதால ஒவ்வொரு நாளும் கூட்டுங்க. ப்ளீச்சுக்கு அது பெரிசா அசையாது, கொதிதண்ணி ஊத்தி வெயில்ல காயவிடுங்க. வெயில் கூட்டுக்குத்தான், முயலுக்கில்ல, கச்சான் காத்து அடிக்கிற நாளில 30 பாகைக்கு மேல போனாலே அதுகள் தவிச்சுப்போகும், தண்ணிப் போத்தலை உறைய வைச்சுத் துணியில சுத்திப் பக்கத்தில வையுங்க.

இன்னொண்டு, பெட்டை எண்டு தந்தவர் சொன்னதை நம்பாதீங்க, சின்னக்குட்டியில பிழைக்கிறது சர்வசாதாரணம். உண்மையில பெட்டையெண்டா, வளர்ந்தாப் பிறகு ஒருக்காச் சேர்ந்தாக் காணும், ஏறக்குறைய 31 நாளில குட்டி. ஆணுக்கு ஒப்பரேசன் செய்தாலும் ஆறு கிழமை வரைக்கும் தள்ளி வைக்கோணும். ரெண்டும் ஆணெண்டா சண்டைதான், கடிகாயம் உள்ளுக்குள்ள சீழ் பிடிக்கும். எப்ப சேர்த்தாலும் ரெண்டுக்கும் பழக்கமில்லாத இடத்தில, நீங்க பக்கத்தில இருந்து, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.

நாளைக்கே மிருக வைத்தியரிட்ட கொண்டுபோங்க, புதுசை மட்டும், புதுப் புழுக்கை கொஞ்சம் பையில கட்டிக்கொண்டு. அதுக்கிடையில அரை நாள் சாப்பிடாம, புழுக்கையும் போடாம இருந்தா, விடியும் வரைக்கும் பாக்காதீங்க, உடன ஓட்டோ பிடியுங்க.