அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், ராத்திரியெல்லாம் போனில் தேடிப் படிக்கிறார். தடுக்கலாமா?

தடுக்காதீர்கள். எனக்கும் இதே நோய் வந்து சிகிச்சை முடிந்தது. புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன பிறகு அவர் பேசுவதில் பாதி காதில் ஏறாது. வீட்டுக்கு வந்து அதை நிதானமாகப் புரிந்துகொள்ளத்தான் நாங்கள் தேடுகிறோம். அந்த நேரத்தில் போனைப் பிடுங்கினால் பயம் கூடுமே தவிரக் குறையாது.

ஆனால் வெறுமனே 'மார்பகப் புற்றுநோய்' என்று தேடினால் வேறு யாருடைய நோயையோ படித்துக்கொண்டிருப்பார். முதலில் பயாப்ஸி ரிப்போர்ட்டை, அதாவது கட்டியிலிருந்து எடுத்த திசுவின் பரிசோதனை முடிவை, கையில் எடுக்கச் சொல்லுங்கள். ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று விஷயங்கள் அதில் இருக்கும். முதல் இரண்டும் புற்றுநோய் செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள், மூன்றாவது அந்தச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். எந்த மருந்து என்பது பெரும்பாலும் இவற்றையும், நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் ஸ்டேஜையும் பொறுத்தது. அந்தச் சொற்களையும் சேர்த்துத் தேடினால்தான் அவருக்குப் பொருந்துகிற தகவல் கிடைக்கும்.

அப்புறம், பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஹெர்-2 பாசிட்டிவ் (அந்தப் புரதம் அதிகம்) என்றால் வேகமாகப் பரவும், மோசமான வகை என்று பழைய பக்கங்களில் இருக்கும். அந்த ஹெர்-2 புரதத்தையே குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதலில் பரவிய நிலைக்கு, 2006இல் ஆரம்ப நிலைக்கும். அதற்குப் பிறகு நிலைமையே மாறிவிட்டது. இது தெரியாமல் பழைய பக்கத்தைப் படித்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு தாங்காது.

ஐந்து ஆண்டு உயிர்வாழும் விகிதமும் அப்படித்தான். குறைந்தது ஐந்து வருடங்களுக்கு முன்பே நோய் கண்டவர்களை வைத்துத்தான் அதைக் கணக்கிட முடியும், புதிய மருந்துகளின் பலன் அதில் முழுதாக வராது. அந்த எண்ணைப் பார்க்க அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை மட்டும் அவருக்காக நீங்கள் படியுங்கள்.

தளம் என்றால், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தளத்தில் நோயாளிகளுக்கென்று எளிய ஆங்கிலத்தில் தனிப் பதிப்பு இருக்கிறது. நான் அதைத்தான் நம்பினேன். புரியாததை எழுதிவைத்து அடுத்த முறை டாக்டரிடம் கேட்கலாம்.

மூலிகைதானே, என்ன ஆகிவிடும் என்று எதையும் வாங்கிச் சாப்பிட விடாதீர்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை சில புற்றுநோய் மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். சாப்பிடுவது எதுவானாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மட்டும் எதையும் தேட வேண்டாம். நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.