சாமுராய் அச்சோவியங்களில் வீரர்களின் பெயர்கள் வரலாற்றிலிருந்து மாறியிருப்பது ஏன்?

தணிக்கைதான் காரணம். ஜப்பானை ஆண்ட டோக்குகவா இராணுவ ஆட்சியில், 16-ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலப் போர்வீரர்களை உண்மைப் பெயருடன் மரக்கட்டை அச்சில் வெளியிடத் தடை இருந்தது. அக்காலத்தில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியை வரைந்ததற்காக 1804-இல் உத்தமாரோ போன்ற பெருங்கலைஞரே கைவிலங்குத் தண்டனைக்கு ஆளானார். ஆகவே, வீரர் ஓவியங்களில் ஈடிணையற்றவர் என நான் கருதும் குனியோஷி (1798–1861), ஹிதேயோஷியின் தளபதியான கத்தோ கியோமசாவை நாடக மேடை வழக்கப்படி 'சத்தோ மசாகியோ' என்று பெயர் மாற்றிக் குறித்தார். ஆனால் உருவத்தை அவர் மறைக்கவில்லை: மேல்நோக்கி நீண்டுயர்ந்த தலைக்கவசம், கையில் ஈட்டி, 'பாம்பின் கண்' எனப்படும் தடித்த வளையச் சின்னம். அந்த வளையத்தைக் கண்டதுமே எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மக்கள், எழுதியிருக்கும் பெயர் எதுவானாலும், அவர் யாரென்று அறிந்துகொண்டார்கள்.