சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

திருவாரூர் மாவட்டத்தில் எங்களுடையது ஒரு சின்ன ஊர். அப்பா காலத்தில் தொடங்கிய இளைஞர் நற்பணி மன்றம் ஒன்று இருக்கிறது. ஒரே அறை, முன்னால் கீற்றுக் கொட்டகை, பக்கத்தில் வாலிபால் ஆடும் இடம். வெளியூரில் வேலை பார்க்கும் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து 80,000 ரூபாய் செலவில் அதைப் புதுப்பித்தோம். கேரம் போர்டும் டிவியும் பையன்களைக் கெடுக்கின்றன என்று அவற்றை எடுத்துவிட்டு, மேசை நாற்காலி போட்டு, குரூப் 4 படிப்பவர்களுக்கான மையமாக மாற்றினோம். உறுப்பினர் அட்டை, வருகைப் பதிவேடு, வாசலில் கேமரா எல்லாம் உண்டு. தினமும் மாலை 6 முதல் 8 வரை செயலாளர் வந்து திறப்பார். பொங்கலன்று திறந்தபோது இருபத்தைந்து பேர் வந்தார்கள். இப்போது மூன்று பேர்தான். மற்றவர்கள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறார்கள். இந்தத் தலைமுறையை எதைக் காட்டி உள்ளே கொண்டுவருவது? இளைஞர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஐம்பது புத்தகங்களின் பட்டியல் தந்தால் வாங்கி வைப்போம்.

அன்புடன்
எஸ்.

அன்புள்ள தம்பி,

போன வாரம் வியாசர்பாடியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் வளர்ந்த சந்தில் மன்றம் இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் கேன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் கடிதம். அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். புத்தகப் பட்டியல் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் போடுவதில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாடகையும் வண்டித் தவணையும் கட்டிக்கொண்டே, ஊரில் இருக்கும் ஓர் அறைக்காக ஆறு பேர் காசு போட்டீர்களே, அந்த மனசை மதிக்கிறேன். உங்கள் வயதில் எனக்கு அது தோன்றவில்லை. இனிமேல் திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்போனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மதகுக் கட்டையில் பையன்கள் உட்காராத காலம் என்று ஒன்று இருந்ததா என்ன? உங்கள் அப்பாவும் அங்கே உட்கார்ந்தவர்தான். டிவி போனது போகட்டும். கேமராவைக் கழற்றிவிடுங்கள், அதில் பேச ஒன்றுமே இல்லை. கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு வரி. "செயலாளர் வந்து திறப்பார்." தம்பி, ஒரு மன்றத்தைப் பற்றி யார் என்னிடம் பேசினாலும் நான் முதலில் கேட்பது, சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான். புத்தகம் எத்தனை, நாற்காலி எத்தனை என்பதெல்லாம் அப்புறம்.

எங்கள் மன்றம் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 1987, 88 வாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் ஒரு இரும்பு டிரம், அதன் மேல் கேரம் போர்டு, போர்டுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் அலுமினியத் தொப்பி போட்ட குண்டு பல்பு. சுவரோரம் ஒரு பெஞ்சு, அதில் அன்றைய தினத்தந்தி பக்கம் பக்கமாகப் பிரிந்து ஆளுக்கொன்றாக இருக்கும். அவ்வளவுதான் மன்றம். பக்கத்துக் கடை டைலர் தாத்தாவுடையது. அளவுச் சீட்டுகளைக் குத்தி வைக்கும் கம்பிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, அந்த ஆணியில் மன்றத்துச் சாவி. தொலைந்துவிடக் கூடாது என்று, நூல் தீர்ந்துபோன மரக்கட்டை ஒன்றில் அதைக் கட்டி வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் வந்து "தாத்தா, சாவி" என்று கேட்கலாம். அவர் மெஷினை நிறுத்தவும் மாட்டார், தலை நிமிரவும் மாட்டார், மோவாயால் ஆணியைக் காட்டுவார். எதற்கு வந்தாய், எப்போது போவாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆனால் அந்த "யார் வேண்டுமானாலும்" என்பதில் நாங்கள் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு மன்றம் வாசற்படியோடு சரி. தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு மதியம் ரெண்டு மணி வெயிலில் நானும் என் சிநேகிதியும் டைலர் கடை ஓரமாக நிற்போம். லாரி என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தது? ஒருநாள் தாத்தா மெஷினை நிறுத்தினார். அவர் நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஏன் வெயில்ல நிக்கிறீங்க, உள்ள போய் உக்காருங்க" என்று சாவியை எடுத்து என் கையில் வைத்தார். நூல்கட்டையின் ஓட்டைக்குள் மிச்சம் சிவப்பு நூல் கொஞ்சம் சுற்றியிருந்தது, இன்றும் கண்ணில் நிற்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. பூட்டைத் திறக்கத் தெரியவில்லை, கை நடுங்குகிறது, சிநேகிதிதான் திறந்தாள்.

அதிலிருந்து மதியம் ரெண்டு முதல் நாலு வரை மன்றம் எங்களுடையது. கேரம் ஆட யாரும் சொல்லித் தரவில்லை. முதல் நாள் ஸ்ட்ரைக்கர் போர்டைத் தாண்டிப் பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது, நடுவிரல் நகம் கன்றிப்போனது. ஒரு மாதத்தில் சிவப்புக் காயினைப் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட ஆரம்பித்துவிட்டேன். போரிக் பவுடர் வாசனையோடு வீட்டுக்குப் போனால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று தாவணியை உதறி உதறிப் பார்ப்பாள் என் சிநேகிதி. பெரிய பையன்கள் போய் தாத்தாவிடம் சண்டை போட்டார்கள், பொண்ணுங்க வந்து பவுடரைக் கொட்டிட்டுப் போறாங்க என்று. "துடைச்சிட்டுத்தான் போறாங்க, நான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள்.

உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்துப் பாருங்கள். பையன்கள், அப்பா, செயலாளர் எல்லாரும் இருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை இருக்கிறாளா? குரூப் 4-க்குப் படிப்பவர்களில் உங்கள் தெருப் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணியாவது பார்த்தீர்களா? மாலை ஆறிலிருந்து எட்டு, விளக்கு வைக்கும் நேரம், அடுப்பு நேரம், அந்த நேரத்தில் எந்த அம்மா மகளைக் கொட்டகைக்கு அனுப்புவாள்? ஆறு பேர் உட்கார்ந்து திட்டம் போட்டும் இது ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். வீட்டில் தங்கச்சி இருந்தால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

கேரம் பையன்களைக் கெடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கெடுத்தது? 2008-ல் பிரான்சின் கான் நகரில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் ஒற்றையரில் வென்ற இளவழகி எங்கள் வியாசர்பாடிப் பெண். 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், அப்போது அவளுக்கு 17 வயது, அவளுடைய அப்பா ஆட்டோ ஓட்டிக்கொண்டே அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லித் தருகிறவர். சரி, கோப்பை வாங்கலாம் என்பதற்காக போர்டைத் திரும்ப வையுங்கள் என்று சொல்லவில்லை. கோப்பை வாங்காதவர்களைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

என் அண்ணன் பத்தாவதில் ஃபெயில். அப்போதெல்லாம் ரிசல்ட் பேப்பரில் நம்பராக வரும். அவன் நம்பர் இல்லை என்பதை மன்றத்துப் பெஞ்சில் விரித்திருந்த பேப்பரில்தான் பார்த்தான், நாலு பேருக்கு நடுவில். வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலால் மேலிருந்து கீழே ஒருமுறை, மறுபடி ஒருமுறை. போர்டில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் எழுந்து, "நீ ஆடுறா, எனக்குக் கை வலிக்குது" என்றான். அண்ணன் போய் உட்கார்ந்தான். மார்க் என்ன, எந்தப் பாடம் என்று யாரும் கேட்கவில்லை. ராத்திரி பத்து மணி வரை ஆடிவிட்டு வந்து, அம்மாவிடம் சோறு கேட்டான். அவன் அன்றைக்கு ரயில்வே லைன் பக்கம் போகாமல் வீட்டுக்கு வந்தான் தம்பி. அந்த வருஷம் எங்கள் சந்தில் எல்லாரும் அப்படி வரவில்லை.

2024 குரூப் 4-க்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. படிக்க இடம் வேண்டும், நான் மறுக்கவில்லை. சென்னை கொளத்தூரில், உட்கார்ந்து படிக்கவும் வேலை பார்க்கவும் அரசு திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி இடங்கள் வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எழுதித் தோற்றவன் உங்கள் மையத்துக்குள் எந்த முகத்தோடு வருவான்? உள்ளே பதிவேடு, வாசலில் கேமரா. முன்பு அவனுக்குக் கேரம் ஆட வந்தேன் என்று ஒரு சாக்கு இருந்தது. அதையும் எடுத்துவிட்டீர்கள். இருபத்தைந்து பேர் மூன்றானதற்குக் காரணம் செல்போன் இல்லை.

பொருளுக்குப் பஞ்சமே இல்லை. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் வந்தன. 2024-ல் கலைஞர் பெயரிலான திட்டத்தில் மட்டை, பந்து எல்லாம் ஊராட்சிகளுக்குக் கொடுத்தார்கள். உங்கள் ஊராட்சிக்கும் வந்திருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போய், ஒரு பந்து வேண்டும் என்று ஒரு சின்னப் பையனைக் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை பேரைத் தாண்டி அந்தப் பந்து அவன் கைக்கு வருகிறது என்று பாருங்கள்.

எங்கள் மன்றம் எப்படிப் போனது என்பதையும் சொல்கிறேன். யாரும் இடிக்கவில்லை. புதிதாக ஒருவர் செயலாளராக வந்தார், நல்ல மனிதர், உங்களைப் போலவே அக்கறை உள்ளவர். பவுடர் டப்பா ரெண்டு காணாமல் போயிற்று என்று தன் செலவில் புதுப் பூட்டு வாங்கிப் போட்டார். சாவி அவர் வீட்டில். பொறுப்பாகத் தினமும் சாயங்காலம் வந்து திறந்தார். அப்புறம் அவருக்கு ஷிப்ட் மாறியது, வாரம் மூன்று நாள் ஆயிற்று. பையன்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஒருவன் ரெண்டு நாள் திரும்பிப் போனால் மூன்றாம் நாள் வருவானா? படிப்பவர்கள் இல்லை என்று பேப்பரை நிறுத்தினார்கள். அந்த ஐப்பசி மழையில் கூரை உள்ளே ஒழுகியது யாருக்கும் தெரியாது, திறந்தபோது போர்டு படகு மாதிரி வளைந்திருந்தது. தாத்தாவின் ஆணியில் அந்தப் பழைய சாவி மட்டும் ரொம்ப நாள் தொங்கியது. எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. அவர் அதைக் கழற்றவே இல்லை.

அதனால் நாளைக்கே சாவி நாலு வெட்டுங்கள். ஒன்று டீக்கடையில், ஒன்று வாலிபால் ஆடுகிற பையன்களிடம், அதிலும் கேப்டனிடம் வேண்டாம், சின்னவனிடம். ஒன்று அங்கன்வாடி டீச்சரிடம், மதிய நேரம் பெண்பிள்ளைகளுக்கு என்று சொல்லியே கொடுங்கள். திருட்டுப் போகும். போகட்டும். ரெண்டு காயின், ஒரு ஸ்கிப்பிங் கயிறு, நாலு பேனா போகும், வருஷத்துக்கு ஐந்நூறு ரூபாய் அதற்கென்று ஒதுக்கி வையுங்கள். நாலாவது சாவி செயலாளரிடமே இருக்கட்டும், அவர் மனசு நோகக் கூடாது. படிப்பவர்களுக்குச் சத்தம் தொந்தரவு என்றால் போர்டைக் கொட்டகையில் போடுங்கள், மேசை உள்ளே இருக்கட்டும்.

பட்டியல் கேட்டீர்கள். இப்போதைக்கு ரெண்டு நாளிதழ் போடச் சொல்லுங்கள், பக்கங்களைப் பின் அடித்து வைக்காதீர்கள். மிச்சத்தை அங்கே வந்து உட்காருகிறவர்களிடம் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எடுத்த கேரம் போர்டு இப்போது எங்கே இருக்கிறது? யாராவது வீட்டுத் திண்ணையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தால் இன்றைக்கே போன் போட்டு, எடுத்துப் படுக்கை வாட்டில் வைக்கச் சொல்லுங்கள். சாய்ந்தே இருந்தால் ப்ளைவுட் தொய்ந்துவிடும், அப்புறம் காயின் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடும்.

அன்புடன்
அக்கா